இனாம் மணல்

மேலே இன்னொரு மாடி எழுப்ப அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் பீரோக்கடைக்காரர் தரையைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தார். வயதானதும் மனுஷனுக்குப் பணிவு வந்துவிட்டது போலிருக்கிறது என்று தெருவில் சிலர் நெகிழ்ந்துகூடப் போனார்கள். வெள்ளை மனசுக்காரர்கள். அவர் பார்த்தது தரையை அல்ல, தரைக்கு அடியில் சும்மா கிடக்கிற இடத்தை. மேலே விடமாட்டாயா, சரி, கீழே போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

முன்னால் கடை. பின்னால் காலி மனை. அந்த மனையைத் தோண்டி, பூமிக்கு அடியில் ஒரு பெரிய கூடம் கட்டி, அதில் பீரோக்களையும் கட்டில்களையும் வரிசையாக நிறுத்துவது என்று திட்டம். எல்லாம் சரி, அவ்வளவு பெரிய பீரோ கீழே எப்படி இறங்கும்? லாரி இறங்க ஒரு சரிவுப் பாதை வேண்டாமா? வேண்டும். வரைபடத்தில் அந்தப் பாதையும் அழகாக இருந்தது. அது இருந்த இடம்தான் அவருடையது இல்லை. அவருடைய அக்காவுடையது.

அக்கா தையல்காரி. கடையையும் மனையையும் ஒட்டியபடி நீளவாக்கில் நிற்கிற வீடு அவளுடையது. தாலி கட்டியவன் போய்ச் சேர்ந்த பிறகு, ஊரார் சட்டைக்கும் கவுனுக்கும் பள்ளிச் சீருடைக்கும் மிதித்து மிதித்து, மிதித்த காலில் நரம்பு சுருண்டு போய், அப்படிக் கட்டிய வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற சந்துகூட அவளுடையதுதான்.

"அக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு? எனக்குக் குடுத்துடு. நல்ல இடமா, சின்னதா, ஒரு மாடி வீடு பாத்துத் தர்றேன்" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மாடியா? இந்தக் காலோடயா? நல்ல தம்பிடா நீ" என்று சொல்லிக்கொண்டே அவள் நூலைப் பல்லால் கடிப்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும். மறு வாரம் திரும்பவும் தொடங்கும்.

அக்கா எப்படியும் இணங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையில், பாதைக்கு இடம் வாங்காமலே குழி தோண்ட ஆள் விட்டார். வேலையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். மகளைக் கட்டியவர். கட்டுமானத்தில் அவருக்கு இருந்த அனுபவம் ஒரு சுற்றுச்சுவர். அது இன்னும் நிற்கிறது என்பதை அவர் எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார். வெயில் வந்தால் குடைக்குக் கீழே, மேகம் வந்தாலும் குடைக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குழியைப் பார்ப்பார். குழியும் அவரைப் பார்க்கும்.

அந்த வீட்டில் மண்ணைப் பற்றிப் படித்த ஆள் ஒருத்தி இருந்தாள். மருமகள். பாலத்துக்கும் அணைக்கும் அடியில் இருக்கிற மண் எவ்வளவு தாங்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். ஊரார் குழிக்கெல்லாம் கார் அனுப்பி அவளைக் கூட்டிப்போவார்கள். மாமனார் குழிக்கு மட்டும் அவள் நடந்தே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நடந்து வந்து சொல்கிற யோசனைக்கு என்ன மதிப்பு, சொல்லுங்கள்.

ஆள் உயரத்துக்குத் தோண்டியதுமே குழியில் தண்ணீர் ஊறிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, தண்ணி வருதே?" என்றார் பீரோக்கடைக்காரர்.

"வரட்டும் மாமா. வெளியே வந்தாத்தானே வெளியேத்த முடியும்?"

"அது சரிதான்" என்றார் மாமனார், ஏதோ பெரிய உண்மை காதில் விழுந்தது போல.

மருமகள் குழி ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். "மாமா, இது மாவு மாதிரிப் பொடி மணல். குழிக்குள்ள மோட்டாரப் போட்டு இறைச்சா மணலும் சேந்து ஓடி வரும். குழியச் சுத்தி வெளியில துளை போட்டு, பைப் இறக்கி, தண்ணி மட்டத்தையே கீழ கொண்டு போயிடணும். பைப்புல கீறல் இருக்கும். அது மேல வலை சுத்தணும். வலையச் சுத்திப் பொடி ஜல்லி கொட்டணும். அப்போதான் தண்ணி மட்டும் வரும்."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான கருத்து வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம். "தங்கச்சி, ஒரு சந்தேகம். இந்தத் தண்ணிய நாம குடிக்கவா போறோம்?"

"இல்லண்ணா."

"சாக்கடையிலதானே விடப் போறோம்?"

"ஆமா."

"சாக்கடைக்குப் போற தண்ணிய எதுக்கும்மா வடிகட்டணும்?"

பீரோக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். குழிக்குள் நின்ற ஆட்களும், முதலாளி சிரிக்கிறாரே என்று, சிரித்து வைத்தார்கள். மருமகளின் கணவன், அதாவது பீரோக்கடைக்காரரின் மகன், அப்பா பக்கம் திரும்பி ஒரு சிரிப்பும் மனைவி பக்கம் திரும்பி ஒரு வருத்தமும் காட்டினான். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பியே அவனுக்குக் கழுத்துவலி நிரந்தரமாகிவிட்டது.

"வடிகட்டறது தண்ணிக்காக இல்லண்ணா, மணலுக்காக. மணல் அங்கேயே இருக்கணும். அதுக்கு மேலதான் எல்லாரும் குடியிருக்கோம்" என்றாள் அவள்.

கண்ணுகளா, தண்ணீர் பூமிக்குள் ஏதோ குளம் மாதிரி தளும்பிக்கொண்டு கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். துவைத்த துணியில் ஈரம் நிற்கிற மாதிரி, மணலின் இடுக்கில் அது பதுங்கிக் கிடக்கிறது. துணியைப் பிழிந்தால் தண்ணீர் வர வேண்டும். தண்ணீரோடு நூலும் வந்தால், பிழிந்து முடித்த பிறகு கையில் என்ன இருக்கும்? அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பெரிய படிப்புகூட வேண்டாம். ஆனால் மாப்பிள்ளையாக இருக்கிறவருக்கு இது புரியாது. துணி துவைத்திருந்தால்தானே!

அன்றைக்கு என்னவோ மருமகள் பேச்சுதான் எடுபட்டது. வலையோடும் ஜல்லியோடும் பைப்புகள் இறங்கின. தண்ணீர் தெளிவாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பொடி மணல் தண்ணீரைச் சட்டென்று விட்டுக்கொடுக்காது, கஞ்சன் கையிலிருந்து காசு வருகிற மாதிரிதான் வரும், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கோ ஓர் ஆற்றுப் பாலத்துக்கு மண் பார்க்க வெளியூர் போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை பழக்கமில்லை. கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் ஒழுகுகிற தண்ணீர் ஒழுகுகிற தண்ணீராகத்தான் தெரிந்தது. "இது என்ன, கைக்குழந்தை மாதிரி? பைப்ப உருவுங்கடா. வலையக் கிழிங்க. ஜல்லி வேண்டாம், அத கான்கிரீட்டுக்கு எடுத்து வைங்க" என்றார்.

உருவினார்கள். கிழித்தார்கள். திரும்ப இறக்கி மோட்டாரைப் போட்டதும், ஐயோ, என்ன பாய்ச்சல்! பழுப்பு நிறத்தில் திமுதிமுவென்று கொட்டியது. பீரோக்கடைக்காரர் ஓடி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான்!"

இப்படிக் கலங்கலாக விட்டால் சாக்கடை தூர்ந்துவிடும் என்று தெருவைப் பராமரிக்கிற அலுவலகம் முனகியது. அதனால் மனை ஓரத்தில் செங்கல்லால் ஒரு தொட்டி கட்டி, தண்ணீர் அதில் நின்று தெளிந்து போகும்படி செய்தார்கள். மறுநாள் தொட்டியில் பார்த்தால் மணல். நைசான, கழுவின, கையில் எடுத்தால் வழுக்குகிற மணல். அள்ளிப்போட்டார்கள். அடுத்த நாள் அதைவிட அதிகம்.

"மாமா, இங்க பாருங்க! பூச்சு மணல்! சல்லடைகூடப் போட வேண்டாம். ஊர்ல அவனவன் மணலுக்கு லாரி பின்னால ஓடறான். நமக்குப் பைப்புல வருது, இனாமா!"

"எல்லாம் உங்க ராசி மாப்பிள்ளை."

அந்தக் குவியலை மாப்பிள்ளை பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தார். தார்ப்பாய் போட்டு மூடினார். பூனை பக்கத்தில் வந்தால் கல்லை எடுத்தார். வந்தவர் போனவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். குவியல் வளர வளர, எங்கோ ஓர் இடம் தேய வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. இனாமாக வருகிற பொருளை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிற வழக்கம் மனுஷனுக்கு ஏது?

பக்கத்து வீட்டில் அக்காவின் கையிலிருந்து ஒரு நூல்கண்டு நழுவி விழுந்தது. விழுந்த இடத்தில் கிடக்காமல் மெல்ல உருண்டு, மிஷினுக்கு அடியில் புகுந்து, குழிப்பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்து வந்தாள். வேண்டுமென்றே திரும்பப் போட்டாள். அதே வழி, அதே சுவர். மறுநாள் பின்னறைக் கதவு திறக்க மாட்டேன் என்றது. தோளால் இடித்துத் திறந்தால், அந்த அறைச் சுவரில் கூரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் கோடு. விரலை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். தம்பி மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார்.

"பூச்சு வெடிப்பு. வேற ஒண்ணும் இல்ல பெரியம்மா. வெயிலுக்கு வர்றதுதான். இந்த வீடு இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

"நீங்க தோண்ட ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் வெயிலே கண்டுபிடிச்சாங்களா?"

"உங்களுக்கு என்னைக்கும் கிண்டல்தான் பெரியம்மா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கவலை இல்லை, கணக்கு இருந்தது. வாய் திறந்தபோது அதே கணக்குதான் வெளியே வந்தது. "வீடு பழசாயிடுச்சு அக்கா. நான் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? இடிஞ்சு விழறதுக்கு முன்னால ஒரு முடிவுக்கு வா. நான் இருக்கேன்ல?"

"மாப்பிள்ளை நூறு வருஷம் நிக்கும்கிறார். நீ இடிஞ்சு விழும்கிற. ரெண்டு பேரும் வெளியே போய்ப் பேசி ஒரு பதிலோட வாங்க" என்று அக்கா கதவைச் சாத்தப் பார்த்தாள். கதவு சாத்தவும் மறுத்தது.

மருமகள் ஊர் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது குவியல்தான். அவள் முகம் வெளுத்துப்போனது. மாப்பிள்ளை அதை வியப்பு என்று நினைத்துக்கொண்டார். நேரே அக்கா வீட்டுப் பின்னறைக்குப் போனவள், வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒட்டிய பசை காய்ந்து கொஞ்ச நேரத்திலேயே அது தன் வேலையைச் செய்துவிட்டது.

அன்று வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள். "மாமா, குழி வரைபடத்துல இருக்கிற அதே அளவுலதான் இருக்கு. தோண்டின மண்ணு ஏற்கெனவே லாரியில போயிடுச்சு. அப்போ இந்த மணல் எங்கேயிருந்து வந்துச்சு?"

"பைப்புலேர்ந்து" என்றார் மாப்பிள்ளை, சோற்றைப் பிசைந்தபடி.

"பைப்புக்குள்ள எங்கேயிருந்து வந்துச்சுண்ணா?"

"பூமியிலேர்ந்து."

"யார் பூமியிலேர்ந்து?"

மாப்பிள்ளை அடுத்த கவளத்தை உருட்டினார். "பெரியத்தை வீட்டுக்கு அடியிலேர்ந்து உருவிக்கிட்டிருக்கோம். நீங்க தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கிறது அவங்க வீட்டுத் தரை" என்றாள் மருமகள்.

மாப்பிள்ளை கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில்! வீடே கலங்கிப்போனது. மாமியார் பின்னாலேயே தண்ணீர்ச் செம்போடு ஓடினார். மகள் கண்ணைக் கசக்கினாள். பீரோக்கடைக்காரர் மருமகளைப் பார்த்து, "சாப்பிடற இடத்துல பேசற பேச்சாம்மா இது?" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாப்பிள்ளை ஒரு வீட்டையே உடைத்தால் அது குடக்கணக்கிலேயே வராது போலிருக்கிறது. அவரைச் சமாதானம் செய்து உட்கார வைத்து, முதலில் போட்டதைவிட அதிகமாகப் போட்டு, அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வீடு மூச்சு விட்டது. மோட்டார் மட்டும் வெளியே விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகள் அக்காவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "அப்போ என் வீடு இப்போ எங்க இருக்குங்கற?" என்று மட்டும் கேட்டாள்.

"பாதி இங்க இருக்கு பெரியத்தை. பாதி அந்தக் குவியல்ல."

"சரி."

மறுநாள் காலையில் பீரோக்கடைக்கு மூட்டை தூக்குகிற ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, தையல் மிஷினைத் தூக்கச் சொன்னாள். மணல் குவியலின் உச்சியைக் காலால் தட்டிச் சமன் செய்து, மிஷினை வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, தார்ப்பாயை முக்காடு மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் மணலில் கணுக்கால் புதைய ஏறினார்கள். அளவெடுத்துக்கொண்டு சறுக்கியபடி இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அங்கேதான் நின்றது.

பீரோக்கடைக்காரர் ஓடி வந்தார். "அக்கா! என்ன இது கூத்து? எல்லாரும் பாக்கறாங்க. இறங்கு முதல்ல."

"எதுக்கு இறங்கணும்? என் வீட்டுத் தரையில நான் உக்காந்திருக்கேன்."

"உன் வீடு அங்க இருக்கு."

"அது கூரையும் சுவரும்தான். தரை இங்க இருக்குன்னு உன் மருமக சொல்லிட்டா. கூரைய நீ எடுத்துக்கோ, எனக்குத் தரை போதும்."

தெரு சிரித்தது. மாப்பிள்ளை குடைக்குக் கீழிருந்து எழுந்து வந்து, "பெரியம்மா, அது பூச்சு மணல்..." என்று ஆரம்பித்தார்.

"நல்ல மணல்தான் மாப்பிள்ளை. உக்காந்தா மெத்துன்னு இருக்கு. இத்தனை வருஷம் இவ்வளவு நல்ல மணல் மேல இருந்திருக்கேன், எனக்கே தெரியாமப் போச்சு."

அப்போதுதான் மகன் கடையிலிருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அப்பா, பீரோ எல்லாம் திறந்துக்குது!"

"பூட்டித் தொலையேன்டா!"

"பூட்டாததெல்லாம்ப்பா. சாத்திச் சாத்திப் பாத்துட்டேன். தானா திறக்குது. வாங்க வந்தவங்க பயந்து போயிட்டாங்க."

எல்லாரும் கடைக்குள் ஓடினார்கள். அங்கே கண்ட காட்சியை நான் எப்படிச் சொல்ல! பின்சுவர் ஓரமாக நின்ற பீரோக்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கதவை விரித்துக்கொண்டு, கொட்டாவி விடுகிற கூட்டம் மாதிரி நின்றன. பீரோக்கடைக்காரர் முதலாவதைச் சாத்திவிட்டு இரண்டாவதற்குப் போனார். முதலாவது பின்னாலேயே திறந்துகொண்டு அவர் முதுகைத் தட்டியது. கீலைப் பொருத்தியவனைத் திட்டினார். மரத்தைத் திட்டினார். மருமகள் குனிந்து, தரையும் பின்சுவரும் சேருகிற இடத்தில் தன் விரலைச் செருகிக் காட்டினாள். விரல் உள்ளே போனது.

"மணலுக்கு அக்கா வீடு, தம்பி கடைன்னு பாகுபாடு தெரியாது மாமா. பைப்பு எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் வரும். கடைக்கு அடியிலயும் உருவியாச்சு."

அக்கா வீட்டுச் சுவர் வெடித்தபோது வராத வியர்வை இப்போது அவருக்கு வந்தது. "நிறுத்து! மோட்டார நிறுத்துங்கடா!" என்று அலறிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

மருமகள் அவரைவிட வேகமாக ஓடிப்போய், மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "இப்போ நிறுத்தினா மொத்தமும் போயிடும் மாமா! வெளியே இறங்கி நிக்கற தண்ணி திரும்ப மேல ஏறும். அடியிலேர்ந்து குழி பொங்கும், கரை சரியும். கரையோட கடையும் வீடும் சேந்து குழிக்குள்ள வந்துடும்."

"ஓடினாலும் போகும், நிறுத்தினாலும் போகும்னா நான் என்னம்மா பண்றது?"

அவர் அவளிடம் அறிவுரை கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்ட விதம் அழுகையாக இருந்தாலும் கேள்வி கேள்விதானே. அவள் சொன்னாள். வலையும் ஜல்லியும் வைத்துப் புதுப் பைப்புகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒன்று தெளிவாக இறைக்கத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் இருக்கிற கெட்டதை அடைக்கலாம். அதோடு கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறு துளைகள் போட்டு, இறைத்த தெளிந்த தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பவும் பூமிக்குள்ளேயே விட வேண்டும். அப்படிச் செய்தால் குழிக்குள் மட்டம் இறங்கினாலும் கட்டடத்துக்கு அடியில் இறங்காது. பறிபோன இடத்தில் கடைசியாகச் சிமெண்டுப் பால் செலுத்தி நிரப்பலாம்.

"செய்மா! உடனே செய். எங்க துளை போடணும்?"

"ஒரே இடம்தான் இருக்கு. பெரியத்தையோட சந்து. துளை போடற மிஷின் உள்ள வர்றதுக்கும் அந்தச் சந்துதான் வழி."

எல்லாரும் திரும்பி மணல் குவியலைப் பார்த்தார்கள். உச்சியில் அக்கா ஒரு சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீரோக்கடைக்காரர் மணலில் ஏறினார். செருப்பு ஒன்று புதைந்தது. அதை விட்டுவிட்டு ஏறினார். "அக்கா, உன் சந்துல கொஞ்சம் துளை போடணுமாம்."

"போடேன். வீடே போகப் போகுது, சந்துக்கு என்ன."

"அப்படிச் சொல்லாத அக்கா. போகாது. உன் மருமக பாத்துக்கறாளாம்."

"என் மருமகளா? நேத்து வரைக்கும் உன் மருமகளா இருந்தா. அதுலயும் பாதிச் சாப்பாட்டுல வாய மூடற மருமகளா இருந்தா." காலரைக் கீழே வைத்தாள். "துளை போட்டுக்கோ. மூணு விஷயம் இருக்கு. குழி வேலை இனிமே அவ சொல்றபடிதான் நடக்கும். ஆள் அவளுது, பேச்சு அவளுது."

"சரி."

"இந்த வீட்ட எனக்குக் குடுன்னு சாகற வரைக்கும் கேக்கக் கூடாது. நான் சாகற வரைக்கும் இல்ல, நீ சாகற வரைக்கும். உன் பீரோவ ஏணி வச்சு இறக்கு, கயிறு கட்டி இறக்கு, அது உன் பாடு."

பீரோக்கடைக்காரர் எச்சிலை விழுங்கினார். பாதையையும் சேர்த்து விழுங்கியது போல் இருந்தது. "சரி அக்கா. மூணாவது?"

"மாப்பிள்ளை."

குடைக்குக் கீழே ஓர் அசைவு.

"வேலை முடியற வரைக்கும் மாப்பிள்ளை என் வீட்டுப் பின்னறையில தங்கணும். அந்த வெடிப்புக்கு நேர் கீழ கட்டில் போட்டுத் தர்றேன். பூச்சு வெடிப்புதானே மாப்பிள்ளை? நூறு வருஷம் நிக்கிற வீடுதானே? சொன்ன வாய்க்கு மரியாதை செய்யணும் இல்லையா?"

"பெரியம்மா, எனக்கு இடம் மாறினா தூக்கம் வராது" என்றார் மாப்பிள்ளை.

"தூங்க வேண்டாம். சுவரைப் பாத்துக்கிட்டிருந்தாப் போதும்."

"எனக்கு முதுகுவலி வேற..."

"கட்டில் பலகைக் கட்டில்தான். முதுகுவலிக்கு நல்லது."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வைக்கு மாமனார் உருகாமல் இருந்ததே இல்லை. இன்று மாமனார் தன் கடையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார்.

"போங்க. நீங்க சொன்னதுதானே? வெயிலுக்கு வர்ற வெடிப்பு. சாயங்காலத்துக்கு மேல ஒண்ணும் பண்ணாது" என்றாள் அவள். அவளும் அந்தக் குடும்பத்துப் பெண்தானே. அத்தையின் நாக்கு எங்கே போகும்?

அப்படி மாப்பிள்ளை பெட்டியோடு அக்கா வீட்டுக்குக் குடிபோனார். பலகைக் கட்டிலில் மல்லாந்தால் நேர் எதிரே அந்தக் கோடு. சுவரில் பல்லி நகர்ந்தால் எழுந்து உட்கார்ந்தார். காரை உதிர்ந்தால் வாசலுக்கு ஓடினார். மருமகள் துளை போட ஆள் கொண்டு வந்தபோது, அவர்களுக்கு முன்னால் சந்தில் நின்றவர் அவர்தான். புதுப் பைப்பில் தண்ணீர் வரத் தொடங்கியதும், கண்ணாடித் தம்ளரில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, அப்படியே வைத்து, அடியில் ஒரு பொட்டு மணல் தங்கினாலும் கத்தினார். "யாருடா இந்தப் பைப்ப இறக்கினது? ஜல்லி போட்டீங்களா இல்லையா? வலை கிழிஞ்சிருக்கா பாரு! கீழ மனுஷங்க குடியிருக்காங்கடா!"

தண்ணீர் தெளிந்தது. கெட்ட பைப்புகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மருமகள் வெடிப்பின் குறுக்கே புதிதாக ஒட்டிய கண்ணாடித் துண்டு உடையாமல் நின்றது. கடையில் பீரோக்களுக்குக் காலடியில் கட்டை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அக்காவும் மிஷினை வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டாள். வீடு கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது, ஆனால் நின்றது. அவள் பெயரில் நின்றது.

வேலையைப் பார்க்க வருகிறவர்களிடம் பீரோக்கடைக்காரர் சொல்வார்: "எங்க மாப்பிள்ளை இல்லேன்னா எல்லாம் தரைமட்டமாகியிருக்கும். பக்கத்துலயே தங்கிப் பாத்துக்கறாரு." மாப்பிள்ளையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வலை இல்லாமல் பைப் இறக்குகிறவன் மனுஷனே இல்லை என்று அரைமணி நேரம் பேசுவார். மருமகள் அந்தப் பக்கமாகக் கையில் தம்ளரோடு போவாள். அவளுக்குச் சிரிப்பு வருமா, எரிச்சல் வருமா என்று அவளுக்கே தெரியாது. பொல்லாத உலகம் கண்ணுகளா, கிணறு வெட்டுகிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவர் இன்னொருவர்.

சிமெண்டுப் பாலும் செலுத்தி முடித்தாயிற்று. இனிமேல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று மருமகளே வந்து சொன்னாள். மாப்பிள்ளை பெட்டியை எடுக்கவில்லை.

"தங்கச்சி, கடைசி பைப்பு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டுப் போறேன். என்ன பெரியம்மா?"

உண்மை என்னவென்றால், அந்த வீட்டில் அவருக்குப் பழகிவிட்டது. பலகைக் கட்டிலில் முதுகுவலி போய்விட்டது. அக்காவின் கைச்சாப்பாடு நன்றாக இருந்தது. வெடிப்பைக் காட்டிப் பேச ஆள் வந்துகொண்டே இருந்தது. அக்காவுக்குத்தான் திகைப்பு. வீட்டை வாங்க வந்த தம்பியை விரட்டத் தெரிந்தவளுக்கு, வீட்டுக்குள் தானே கூப்பிட்டு வைத்த மாப்பிள்ளையை எப்படிக் கிளப்புவது என்று தெரியவில்லை.

எழுந்து உள்ளே போனாள். பிறகு தைத்து முடித்த பள்ளிச் சட்டைகளை ஒரு குவியலாக எடுத்து வந்து அவர் மடியில் போட்டு, மேலே ஊசியையும் பொத்தான் டப்பாவையும் வைத்தாள்.

"இருங்க, இருங்க. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. இந்த வீட்டுல சும்மா இருக்கிற கை மட்டும் எனக்குப் பிடிக்காது."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் ஊசியில் நூல் கோக்கவே வெகுநேரம் ஆனது. கருப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, முதல் பொத்தானைத் தைத்து நீட்டினார். அக்கா வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

"பிரிச்சு மறுபடியும் தைங்க மாப்பிள்ளை" என்று சட்டையைத் திரும்ப அவர் மடியில் போட்டுவிட்டு, அக்கா மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.